வீடு உண்டு, திண்ணை எங்கே?

2012ஆம் ஆண்டு தொடங்கி, வடக்கிலும் கிழக்கிலும் மீளக்குடியமர்ந்த குடும்பங்களுக்கு இந்திய வீடமைப்புத் திட்டத்தின் கீழ் ஐந்தரை இலட்சம் ரூபா வீதம் வழங்கப்பட்டது. கல்வீடு கிடைத்தது பெரிய ஆறுதல்தான். ஆயினும் எத்தனையோ தடவை இடம்பெயர்ந்த எமக்கு, நான்கு சுவர்களை மட்டும் வீடென்று கொள்ள மனம் ஒப்புவதில்லை.

எமது முன்னோரின் வீடுகளில் அன்றாடம் பயன்பட்ட பொருளே அழகாகவும் இருந்தது. நாற்சார் வீட்டின் நடுமுற்றம் வெளிச்சத்தையும் காற்றையும் உள்ளே கொணர்ந்தது. மண்சுவரின் மாடத்தில் விளக்கு எரிந்தது. வளையில் தொங்கிய உறி, தயிர்ப்பானையைப் பூனைக்கு எட்டாமல் காத்தது. அயலவரும் வழிப்போக்கரும் இருந்து கதைத்த இடம் திண்ணை.

இவற்றிற் சிலவற்றை இன்றும் செய்யலாம். பனையின் சார்வோலையை வெயிலில் உலர்த்தி, வார்ந்து, ஒரு பகுதியைச் சாயம் கரைத்த கொதிநீரில் அவித்தெடுங்கள். சாயமிட்டதையும் வெள்ளோலையையும் மாற்றி மாற்றி இழைத்தால், பாயிலும் பெட்டியிலும் கோலம் தானாக விழும். சீமெந்து நிலத்தில் அப்பாயை விரியுங்கள். பெட்டிகளில் பயறும் விதையும் வையுங்கள். இடைக்கிடை வெயிலிற் போட்டால் பூஞ்சணம் பிடியாது.

கட்டட வேலையில் மிஞ்சிய கல்லைக்கொண்டு முன்தாழ்வாரத்தின் கீழ் சிறு திண்ணை கட்டுங்கள். மழைநீர் வழிந்தோட, மேற்பரப்பு வெளிப்புறமாகச் சற்றுச் சரிந்திருக்கட்டும். மண் திண்ணையாயின் சாணமும் களிமண்ணும் குழைத்து மெழுகினாற் போதும்.

முகாமின் கூடாரத்துக்குத் திண்ணை இருக்கவில்லை. வருபவரைப் பார்த்து ‘இருங்கோ’ என்று சொல்ல எமக்கென ஓரிடம் உண்டாகும் நாளிலேதான், நாம் உண்மையில் ஊர் திரும்பியவர்களாவோம்.