வீட்டில் இரட்டைப் பொருள்களைக் குறைத்தல்

ஒரே வேலைக்கான பொருள்கள் ஒரு வீட்டில் தேவைக்கு மேல் சேர்ந்திருக்கும்போது, புழங்குபவற்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை முறையாகக் கைமாற்றுவது இரட்டைப் பொருள் குறைப்பு எனப்படும். இது பொருள்களைத் தூக்கி எறிவதன்று. ஒரு பொருள் யாருடையது, இனி யாருக்குப் பயன்படும் என்று பார்த்துப் பிரிப்பதே இதன் அடிப்படை. தேனி மாவட்டம் போடிநாயக்கனூர் வட்டார வீடுகளைக் கொண்டு இதை விளக்கலாம்.

பொருள்கள் சேரும் வழிகள்

திருமணச் சீரும் மொய்ப் பொருள்களும் முதல் வழி. அண்டா, குடம், குத்துவிளக்கு, குக்கர் ஆகியவை ஒவ்வொரு திருமணத்துக்கும் வருகின்றன. மாமியார் கொண்டுவந்தவையும் மருமகள் கொண்டுவந்தவையும் ஒரே பரணில் சேர்கின்றன.

அரசுத் திட்டங்கள் இரண்டாவது வழி. தமிழ்நாட்டில் 2006-இல் விலையில்லா வண்ணத் தொலைக்காட்சித் திட்டமும், 2011 செப்டம்பர் 15-இல் விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டமும் தொடங்கப்பட்டன. முன்பே மிக்சி வாங்கியிருந்த வீடுகளில் இது இரண்டாவதாயிற்று. அம்மியில் அரைத்துவந்த வீடுகளில் இதுவே முதலாவது.

மூன்றாவது வழி ஏலக்காய்த் தொழில் சார்ந்தது. போடியில் வீடும், போடிமெட்டுக்கு அப்பால் இடுக்கி மாவட்ட மலையில் தோட்ட வீடும் வைத்திருப்போர் பாத்திரம், படுக்கை, கம்பளி ஆகியவற்றை இரு வீட்டுக்கும் வாங்க வேண்டியுள்ளது.

பெயர் வெட்டிய பாத்திரங்கள்

சீர்ப் பாத்திரங்களில் கொடுத்தவர் அல்லது பெற்றவர் பெயரையும் நாளையும் வெட்டும் வழக்கம் உண்டு. பக்கத்து வீட்டு விசேஷத்துக்கு இரவல் போன அண்டா தவறாமல் திரும்பிவர இந்தப் பெயர் உதவியது. வாடகைப் பாத்திரக் கடைகள் பெருகியபின் இரவல் குறைந்தது. ஆனால் பெயர் நிலைத்திருப்பதால் அப்பாத்திரத்தை விற்க மனம் வருவதில்லை.

இதில் சட்டமும் உண்டு. திருமணத்தின்போது பெண்ணுக்குக் கொடுக்கப்பட்ட சீர்ப் பொருள்கள் சீதனம் ஆகும். அவை அவளுக்கே முழு உரிமையானவை என்று பிரதிபா ராணி வழக்கில் 1985-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே மருமகளின் பித்தளைக் குடத்தை அவளைக் கேட்காமல் கணவரோ மாமியாரோ எடைக்குப் போடுவது முறையன்று. தாய் வீட்டுப் பரணில் விட்டுச்சென்ற மகளின் பாத்திரத்துக்கும் இது பொருந்தும்.

பிரிக்கும் முறை

1. அறை அறையாக அன்றி வகை வகையாக எடுக்க வேண்டும். வீட்டிலுள்ள எல்லாக் குக்கர்களையும் ஒரே இடத்தில் வைத்தால்தான் எண்ணிக்கை தெரியும். ஜப்பானியரான மாரி கோண்டோவின் முறையும் இதுவே.
2. சென்ற தீபாவளி, பொங்கல், வீட்டு விசேஷம் எதிலும் எடுக்காத பொருளைத் தனியே வைக்க வேண்டும்.
3. உரியவரிடம் கேட்க வேண்டும். பெரியவர்கள் நினைவுக்காக ஒன்றை வைத்துக்கொள்ள விரும்பினால் அதை விட்டுவிடலாம்.

கைமாற்றும் வழிகள்

ஓடும் நிலையிலுள்ள மிக்சியையோ மின்விசிறியையோ புதுக்குடித்தனம் போவோருக்குக் கொடுக்கலாம். கொடுக்குமுன் மின்கம்பியைச் சோதிப்பது கட்டாயம். பித்தளை, செம்புப் பாத்திரங்களை எடை போட்டு, அந்த விலையைக் கழித்துக்கொண்டு புதியது தரும் வழக்கம் பாத்திரக் கடைகளில் உண்டு.

பழுதான மின்பொருள்களைக் குப்பையில் சேர்க்கக் கூடாது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, அவை பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர வேண்டும்.

போகிப் பண்டிகை பழையதைக் கழிக்கும் நாள். எனினும் பிளாஸ்டிக், டயர், ரப்பர் போன்றவற்றை எரித்தால் நச்சுப்புகை எழும். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் இதைத் தவிர்க்கக் கோருகிறது.

விலக்குகள்

இரண்டாக இருப்பவை எல்லாம் மிகையல்ல. மலை வீட்டுக் கம்பளி, மழைக்காலத்துக்கான மாற்றுத் துணி, வேலைக்குச் செல்லும் ஒவ்வொருவருக்குமான தூக்குவாளி, மின்தடையின்போது உதவும் அம்மி ஆகியவை தேவையானவை. வீட்டிலுள்ளோர் எண்ணிக்கையையும் தொழிலையும் பார்த்தே அளவை முடிவு செய்ய வேண்டும்.