குத்தியது அவர், கணக்கு வைத்தது யார்?

ஹெவிவெயிட் குத்துச்சண்டை என்றால் நம்மில் பலர் முகமது அலியைத்தான் சொல்வோம். 1975-இல் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கிலேயே சண்டை போட்டவர் ஆயிற்றே! அவருக்கு முன்னே ஜோ லூயிஸ் என்று ஒருவர் இருந்தார். பாட்டாளிகள் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய ஆளு.

1914-இல் அமெரிக்காவின் அலபாமாவில் பிறந்தவர். அப்பா பிறர் நிலத்தில் வாரத்துக்குப் பருத்தி பயிரிட்ட கறுப்பர். டெட்ராய்ட்டுக்குப் பிழைக்கப் போன குடும்பம். மகன் ஃபோர்ட் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். வயலின் படிக்க அம்மா கொடுத்த காசு குத்துச்சண்டைக்குப் போயிற்றாம்!

1937-இல் உலகச் சாம்பியன். 1949 வரை பட்டத்தை 25 முறை காப்பாற்றினார். 1936-இல் தம்மை வீழ்த்திய ஜெர்மானியர் ஷ்மெலிங்கை 1938-இல் 124 வினாடியில் சாய்த்தார்.

இனிதான் விஷயம். 1942-இல் இரண்டு போட்டிகளில் கிடைத்த பணத்தைக் கடற்படை, தரைப்படை நிவாரண நிதிகளுக்குக் கொடுத்தார். தாமும் சிப்பாயானார். வரி அதிகாரிகள் விட்டார்களா? தானம் கொடுத்ததையும் வருமானமாக எழுதினார்கள்! வட்டி ஏறி 10 லட்சம் டாலருக்கு மேல் பாக்கி. மேனேஜர்கள் (தோட்டத்துத் துரை இல்லை, பங்கு எடுப்பவர்கள்) வேறு பாதியைக் கொண்டுபோயிருந்தார்கள். சம்பளச் சீட்டைப் பார்க்காமலே மடித்து வைக்கும் தோழர்கள் இந்த இடத்தைத் திரும்பப் படிக்கணும்.

கடனுக்காக மறுபடி மேடையேறி, 1951-இல் 37 வயதில் மார்சியானோவிடம் விழுந்தார். பிறகு மல்யுத்தம், கடைசியில் லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதியில் வருவோரை வரவேற்கும் வேலை. 1981-இல் காலமானார். இறுதிச் சடங்குச் செலவுக்குப் பணம் கொடுத்தவர்களில் ஒருவர், அன்று அடிவாங்கிய அதே ஷ்மெலிங்.