காடுகளுக்கு இடைப்பட்ட நிலம்

ஒரு காட்டுயிர் வாழுமா, அழியுமா என்பதைக் காட்டின் பரப்பு மட்டும் முடிவு செய்வதில்லை. அக்காட்டை ஒட்டி என்ன இருக்கிறது, அடுத்த காடு எத்தனை தொலைவில் நிற்கிறது, இடைப்பட்ட நிலத்தை அவ்வுயிரால் கடக்க இயலுமா என்பனவும் சேர்ந்தே அதை முடிவு செய்கின்றன. நம் காட்டுயிர்ப் பாதுகாப்பு நெடுங்காலமாகக் காட்டின் எல்லைக் கல்லோடு நின்றுவிட்டது. கல்லுக்கு அப்பாலுள்ள நிலத்தைப் பற்றியே இங்குப் பேச வேண்டியிருக்கிறது.

ஆனைமலைத் தொடரிலுள்ள வால்பாறை மேட்டுநிலம் ஏறத்தாழ 220 சதுரக் கிலோமீட்டர் பரப்புடையது. ஆனைமலைப் புலிகள் காப்பகமும் கேரளத்தின் பரம்பிக்குளம், வாழச்சால் காடுகளும் அதைச் சூழ்ந்துள்ளன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கிருந்த மழைக்காடு வெட்டப்படத் தொடங்கியது. முதலில் காப்பியும் பின்னர்த் தேயிலையும் பரவின. எஞ்சியவை நாற்பதளவான சோலைத் துண்டுகள். சில ஓரிரு ஹெக்டேர், பெரியவை சில நூறு ஹெக்டேர்.

அத்துண்டுகளில் ஒன்று வால்பாறை நகரை ஒட்டிய புதுத்தோட்டம். ஏறத்தாழ 90 ஹெக்டேர் பரப்புள்ள அச்சோலையில் சிங்கவால் குரங்கு எனப்படும் சோலைமந்திகள் வாழ்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இவை இயற்கையாக வாழ்வதில்லை. வெடிப்பலாவின் பூவையும் காயையும் தின்று, கிளைவிட்டுக் கிளை தாவி, பெரும்பாலும் தரையைத் தொடாமலே வாழ்நாளைக் கழிக்கும் இனம் இது. மரக்கிளைகள் பின்னிய கவிகை அறுந்தால் அதற்குப் பாதை அறுந்தது. புதுத்தோட்டத்துக் கூட்டங்கள் இன்று தரையிறங்கிச் சாலையைக் கடக்கின்றன. வீட்டுக் கூரைகளில் ஏறி உணவு தேடுகின்றன. வண்டியில் அடிபட்டு இறந்தவையும் உண்டு. இந்நிலையில் வனத்துறையும் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பினரும் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலங்கள் கட்டினர். பழைய தீயணைப்புக் குழாய்த் துணியால் ஆன அப்பாலங்களில் மந்திகள் குட்டிகளைச் சுமந்தபடி கடக்கின்றன.

பாலம் சாலையைக் கடக்க உதவும். தேயிலைப் பரப்பைக் கடக்க உதவாது. சோலைமந்திகளுள் பெண்கள் பிறந்த கூட்டத்திலேயே தங்கிவிட, வளர்ந்த ஆண்களே வேறு கூட்டம் நாடிச் செல்கின்றன. அந்த ஆணுக்கு வழியில்லையேல் நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் நிகழும். தலைமுறைதோறும் மரபணு வளம் தேயும். எண்ணிக்கை குறையாமலிருக்கும்போதே இத்தேய்வு தொடங்கிவிடும் என்பதே இதன் கொடுமை. கணக்கெடுப்பில் அது தெரியாது.

சிறிய தீவில் உயிரினங்கள் விரைந்து அழியும், தொலைவான தீவுக்குப் புதியவை அரிதாகவே வந்து சேரும் என்று சூழலியலாளர்களான மக்ஆர்தரும் வில்சனும் 1967இல் விளக்கினர். நிலத்தில் துண்டான காடுகளுக்கும் இது பெருமளவு பொருந்தும். ஆனால் தேயிலைத் தோட்டம் கடலன்று. சிறுத்தை இரவில் அதனூடே நடந்து செல்கிறது; பெரிய இருவாச்சி அதன்மேல் பறந்து, உண்ட பழத்தின் விதையை அடுத்த சோலையில் இடுகிறது. சோலைமந்திக்கோ அதே தோட்டம் கடலுக்கு நிகர். நிழல்மரங்கள் நிறைந்த காப்பித் தோட்டம் அம்மந்திக்கும் ஓரளவு இடம் கொடுக்கிறது. ஆகவே வரைபடத்தில் பசுமை தொடர்வதைக் கண்டு இணைப்பு உண்டென்று கொள்வது பிழை. எந்த உயிருக்கான இணைப்பு என்று கேட்ட பிறகே விடை சொல்ல முடியும்.

யானைக்கு வேண்டியது வேறு. வால்பாறையில் அவை நடுஆறு, சோலையாறு ஆகியவற்றின் கரையோரச் செடிகொடிகளைத் தழுவியே நடக்கின்றன; பகலில் அங்கு மறைந்திருந்து இரவில் கடக்கின்றன. அங்கு யானையால் நேர்ந்த மனித இறப்புகளிற் பெரும்பாலானவை, யானை அருகிலிருப்பதை அறியாமல் சென்றதால் நேர்ந்தவை. கைப்பேசிக் குறுஞ்செய்தியும், யானை நடமாட்டத்தை உணர்த்தும் சிவப்பு விளக்குகளும் பல உயிர்களைக் காத்திருக்கின்றன. யானை நடக்கும் வழி தெரிந்திருந்தால் இத்தகைய எச்சரிக்கை எளிது. வழித்தடம் என்பது விலங்குக்கு மட்டுமன்றி மனிதருக்கும் காப்பு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இயற்கையே பிரித்த நிலமும் உண்டு. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரியிலும் தெற்கே ஆனைமலையிலும் வாழும் யானைகள் மரபணுவால் வேறுபட்டுள்ளன. அப்பிரிவு நெடுங்காலம் கொண்டு நேர்ந்தது. இரு பக்கமும் பெருங்காடுகள் இருந்தன. மனிதன் செய்யும் பிரிவோ ஒரு மின்வேலியில் முடிந்துவிடும். நீலகிரிச் சரிவுக்கும் மாயாற்றுப் பள்ளத்துக்கும் இடையிலுள்ள சீகூர் மேட்டுநிலம் மேற்கு, கிழக்குத் தொடர்ச்சி மலைகளை இணைக்கும் குறுகிய வழி. அங்கு விடுதிகள் பெருகி வழி நெரிந்தது. தமிழ்நாடு அரசு 2010இல் அதை யானை வழித்தடமாக அறிவித்தது. 2011இல் சென்னை உயர் நீதிமன்றமும் 2020 அக்டோபர் 14 அன்று உச்ச நீதிமன்றமும் அவ்வறிவிப்பை உறுதி செய்தன. ஒரு வழியைக் காக்கப் பத்தாண்டு வழக்கு வேண்டியிருந்தது.

இணைப்பால் தீங்கே இல்லை என்பதற்கில்லை; நோயும் தீயும் களைச்செடியும் அவ்வழியே பரவக்கூடும். எனினும் தனிமைப்பட்ட சோலை அடையும் இழப்போடு ஒப்பிட அது சிறிது.

தேயிலையை வேரோடு பிடுங்கும்படி எவரும் கேட்கவில்லை. ஆற்றின் இரு கரையிலும் மண்ணுக்குரிய மரங்களை வளரவிடுங்கள். நிழலுக்கு அயல்மரம் நடும் இடத்தில் சோலை மரம் நடுங்கள். புதுச் சாலைக்கும் வேலிக்கும் ஒப்புதல் தருமுன் அவ்வழியே எந்த உயிர் நடக்கிறது என்று கேளுங்கள். தோட்ட உடைமையாளர்களும் திட்டமிடும் அலுவலர்களும் இம்மூன்றையும் இவ்வாண்டே தொடங்க இயலும்.