அரங்க வடிவமைப்புத் திறனாய்வு

அரங்க வடிவமைப்புத் திறனாய்வு என்பது ஒரு நாடக மேடையேற்றத்தின் காட்சியமைப்பு, ஒளியமைப்பு, உடையமைப்பு, ஒலியமைப்பு ஆகியவற்றை விளக்கி மதிப்பிடும் எழுத்து ஆகும். இது நாடகத் திறனாய்வின் ஒரு பகுதியாகும். நாடகப் பிரதி நூலாக எஞ்சுகிறது. காட்சியமைப்போ மேடையேற்றங்கள் முடிந்ததும் பெரும்பாலும் கலைக்கப்பட்டு விடுகிறது. வரைபடங்களும் ஒளிப்படங்களும் அதன் தோற்றத்தைக் காட்டும். ஆனால் நாடகத்தின் ஓட்டத்தில் அது எவ்வாறு இயங்கியது என்பதை அறிய அக்காலத்து விமர்சனங்கள் முக்கிய சான்றுகளாகின்றன.

பின்னணி

பண்டைய கிரேக்க மெய்யியலாளர் அரிசுட்டாட்டில் தமது கவிதையியல் நூலில், துன்பியல் நாடகத்தின் ஆறு கூறுகளுள் ஒன்றாகக் காட்சியைக் குறிப்பிட்டார். எனினும் அது கவிஞரின் கலையைவிட மேடைப்பொருள் செய்பவரின் கலையையே கூடுதலாகச் சார்ந்தது என்று கருதினார். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் சுவிட்சர்லாந்தின் அடோல்ஃப் அப்பியா, இங்கிலாந்தின் எட்வர்ட் கார்டன் கிரெய்க் ஆகியோர், ஓவியம் தீட்டிய திரைகளுக்கு மாற்றாக ஒளி, படிகள், தளங்கள் முதலியவற்றை முன்வைத்தனர். வடிவமைப்பைத் தனிக் கலையாகப் பேசுவதற்கான கருத்துக்களை இவர்களது எழுத்துக்கள் வழங்கின.

விளக்கமும் மதிப்பீடும்

காட்சியமைப்பு அழகாக இருந்தது என்று மட்டும் எழுதினால் வாசகருக்கு எதுவும் புலப்படாது. மேடையில் என்ன இருந்தது, அது நாடகத்துக்கு என்ன செய்தது, அதில் எந்த அளவு வெற்றி பெற்றது என்னும் மூன்று வினாக்களுக்கும் நல்ல திறனாய்வு விடை தருகிறது.

ஆர்தர் மில்லரின் டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன் நாடகம் 1949 இல் நியூயார்க்கில் எலியா கசான் இயக்கத்தில் மேடையேறியது. இதற்குக் காட்சியும் ஒளியும் அமைத்தவர் ஜோ மீல்சினர். உள்ளே ஊடுருவிப் பார்க்கக்கூடிய, வெறும் சட்டகமாக நின்ற வீட்டை அவர் அமைத்தார். இலைகளின் உருவங்கள் ஒளியால் படிந்தபோது அதே வீடு கடந்த காலத்துக்குச் சென்றது. இதனால் காட்சி மாற்றத்துக்காக நாடகத்தை நிறுத்தாமலேயே கதைத்தலைவனின் நினைவுக்குள் செல்ல முடிந்தது. இவ்வாறு விளக்கும்போதே வடிவமைப்பு வெறும் அலங்காரம் அல்ல, கதை சொல்லும் முறை என்பது தெளிவாகும். அச்சான நாடகப் பிரதியின் மேடைக்குறிப்புகளிலும் இவ்வமைப்பின் தாக்கம் உண்டு.

உரிமைச் சிக்கல்

மேடையில் காணும் ஒன்று எழுத்தாளர், இயக்குநர், வடிவமைப்பாளர் ஆகியோருள் யாருடைய எண்ணம் என்பதைப் பார்வையாளர் இருக்கையிலிருந்து பிரித்தறிவது கடினம். 1970 இல் ராயல் ஷேக்ஸ்பியர் நிறுவனம் மேடையேற்றிய எ மிட்சம்மர் நைட்ஸ் டிரீம் நாடகம், இயக்குநர் பீட்டர் புரூக்கின் பெயராலேயே பெரிதும் அறியப்படுகிறது. அதன் புகழ்பெற்ற வெள்ளைப் பெட்டி போன்ற அரங்கையும் தொங்கும் ஊஞ்சல்களையும் வடிவமைத்தவர் சாலி ஜேக்கப்ஸ் ஆவார். திறனாய்வில் பெயர் விடுபடும்போது அப்பங்களிப்பு வரலாற்றிலும் மறைந்துபோகக்கூடும்.

ஒலியமைப்பு

ஒலியமைப்பைப் பற்றி எழுதுவது மேலும் கடினமானது. நன்கு அமைந்த ஒலி பல வேளைகளில் தனித்துக் கவனிக்கப்படுவதில்லை. அமெரிக்காவின் டோனி விருதுகளில் 2008 முதல் ஒலியமைப்புக்கு விருது வழங்கப்பட்டது. 2014 இல் அப்பிரிவுகள் நீக்கப்பட்டன. வாக்களிப்போர் பலருக்கு ஒலியமைப்பை மதிப்பிடத் தெரியவில்லை என்பது அப்போது கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. வடிவமைப்பாளர்களின் எதிர்ப்புக்குப் பின்னர், 2018 இல் இவ்விருதுகள் மீண்டும் வழங்கப்பட்டன.