கோத்தர் ஊர்களின் கொம்பும் குழலும்

நீலகிரியில் கோத்தர்களுக்கு ஏழு ஊர்கள் உண்டு. கொல்லிமலை, திருச்சிக்கடி, சோலூர் கோக்கால், புது கோத்தகிரி, கீழ்க்கோத்தகிரி, குந்தா கோத்தகிரி, கூடலூர் கோக்கால் என்பன அவை. இரும்புக் கருவி, மண்பாண்டம், மரவேலை, இசை ஆகிய நான்குக்கும் மலை மக்கள் ஒருகாலத்தில் கோத்தர்களையே நம்பியிருந்தனர். சுமார் இரண்டாயிரம் பேரே உள்ள சமூகம் இது. கருவிகளை வாசிப்பவர்களும் அந்தந்த ஊர் ஆண்களே. பெண்களுக்குரியவை பாட்டும் ஒப்பாரியும்.

குழுவில் முன்னிற்பது 'கொள்'. நாகஸ்வரம்போல் சீவாளி வைத்து ஊதும் குழல் இது. கன்னத்தில் காற்றைத் தேக்கி, மூக்கால் மூச்சை இழுத்தபடியே ஊதுவதால் இசை இடையில் அறுவதில்லை. தட்டுப் பறையான 'தபட்க்', உருளை முழவுகளான 'தோபர்', 'கின்வர்' ஆகியவை தாளத்தைப் பின்னுகின்றன. ஒவ்வொன்றும் தன் அடியை மட்டும் அடிக்க, அவை சேரும்போதுதான் தாளம் முழுமையாகிறது.

'கொப்' என்பது வளைந்த பித்தளைக் கொம்பு. அதில் துளைகள் இல்லை. உதடுகளை இறுக்கியும் தளர்த்தியும்தான் சுருதியை மாற்ற முடியும். ஆகவே கிடைப்பவை சில சுரங்களே. பஞ்சவாத்தியத்தில் ஒலிக்கும் கேரளத்துக் கொம்புக்கும் இதே இயல்புதான். ராகம் தேடும் காதுக்கு இது வெறும் முழக்கமாகப் படலாம். ஆனால் அதன் வேலை பாட்டு வாசிப்பதல்ல. எழுந்து அடங்கும் நெடிய ஒலியால் கூட்டத்தின் இசைக்குக் கனம் சேர்ப்பது.

எந்த மெட்டு எங்கே ஒலிக்கலாம் என்பதில் கோத்தர்கள் கண்டிப்பானவர்கள். தெய்வ மெட்டு வேறு, சாவு மெட்டு வேறு, ஆட்ட மெட்டு வேறு. டிசம்பர் – ஜனவரியில் பிறை தெரிந்தபின் வரும் முதல் திங்களன்று அய்யனோர், அம்மனோர் தெய்வங்களுக்கான திருவிழா தொடங்குகிறது. சாவு மெட்டுக்கு அங்கே இடமில்லை. மெட்டுகளுக்கு எழுத்துக் குறிப்பு கிடையாது. மூத்தவர் வாசிப்பதைக் கேட்டே இளையவர் பழகுகிறார்.

முன்பு மலையின் அண்டைச் சமூகங்களான படகர், தோடர் வீட்டுச் சாவுகளுக்கும் கோத்தர் வாசிக்கப் போவார்கள். கைமாறாகப் படகரிடமிருந்து தானியமும் தோடரிடமிருந்து நெய்யும் எருமையும் வரும். 1930களை ஒட்டி, கோத்தர் இசை வேண்டாம் என்ற குரல் படகர்களிடையே எழுந்தது. அப்போது அறுந்தது இசை உறவு மட்டுமல்ல, தலைமுறைகளாக இருந்த பண்டமாற்றும் தளர்ந்தது. சாவு வீட்டில் வாசிப்பதை இழிவாகப் பார்க்கும் வழக்கம் மலையிலும் புகுந்துவிட்டிருந்தது. கோத்தர்களுக்கும் அது உறுத்தலாயிற்று.

அதே பத்தாண்டில் மரே எமனோ கோத்த மொழியையும், டேவிட் மாண்டல்பாம் வாழ்க்கை முறையையும் பதிவு செய்தனர். இசையை விரிவாக ஆய்ந்தவர் ரிச்சர்ட் உல்ஃப். 1990களின் தொடக்கத்தில் இம்மலையில் தங்கி அவர் செய்த ஆய்வு 2005இல் நூலாயிற்று. ஒரு மெட்டு இடத்தோடும் நேரத்தோடும் எப்படிப் பிணைந்திருக்கிறது என்பதே அதன் மையக் கேள்வி.

இன்று அரசு விழா மேடைகளில் கோத்தர் குழு ஆடுவதைச் சுற்றுலாப் பயணிகள் பார்க்கிறார்கள். அங்கே சில நிமிடங்களே கிடைக்கும் என்பதால் ஆட்ட மெட்டுகள்தான் மேடைக்குப் பொருந்துகின்றன. தெய்வ மெட்டும் சாவு மெட்டும் இன்னும் ஊருக்குள், அவற்றுக்குரிய நாளில்தான் ஒலிக்கின்றன.