சத்தத்தைக் கூட்டினால் பற்றரிக்கு என்ன ஆகும்?

தம்பி தங்கைகளே, புத்தளம் மாவட்டத்தில், கற்பிட்டியிலிருந்து வள்ளத்தில் போய்ச் சேரும் கரை உச்சமுனை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, நடுவே மணல். இப்படியான இடத்தில் ரேடியோ போட்டால் அலையும் காற்றும் பாட்டை விழுங்கிவிடும். உடனே கை சத்தத்தைக் கூட்டப் போகும்.

கூட்டும்போது ஸ்பீக்கரின் கூம்பு இன்னும் பலமாக முன்னும் பின்னும் அதிர வேண்டும். அந்தப் பலத்தைப் பற்றரிதான் கொடுக்கிறது. எவ்வளவு தெரியுமா? சத்தம் இரண்டு மடங்கானதாக நம் காதுக்குத் தோன்ற, ஸ்பீக்கருக்கு ஏறத்தாழ 10 மடங்கு மின்திறன் வேண்டும்! 0.05 வாட்டில் பாடியது 0.5 வாட் கேட்கும்.

இயர்போனில் அப்படியில்லை. அது காதுக்குள்ளேயே இருப்பதால் மிகச் சிறிய அதிர்வே போதும். வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு கொடுத்தாலே பல இயர்போன்கள் 100 டெசிபல் வரை ஒலிக்கும். 1979இல் சோனி வெளியிட்ட வாக்மேனில் ஸ்பீக்கரே கிடையாது. இரண்டு சிறிய பற்றரிகளில் ஓடியது. அதிலும் பெரும்பங்கைக் கேசட் சுற்றும் மோட்டார்தான் எடுத்துக்கொண்டது. இன்றைய கைபேசியில் அந்த இடத்தைத் திரையும் உள்ளிருக்கும் சில்லுகளும் பிடித்துக்கொண்டன. எனவே இயர்போனில் பாட்டுக் கேட்கும்போது பற்றரியை மிச்சம் பிடிக்கத் திரையை அணையுங்கள். சத்தத்தைக் குறைப்பது காதுக்காக: வாரத்துக்கு 80 டெசிபல் என்றால் 40 மணி நேரம், 90 என்றால் 4 மணி நேரம்தான் பாதுகாப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஸ்பீக்கருக்கு வருவோம். சுவரில்லாத திறந்த மணலில் ஒலி எல்லாப் பக்கமும் பரவி மெலிகிறது. வலை பின்னுபவர் 2 மீற்றர் தள்ளி வைத்த ரேடியோவை 1 மீற்றருக்கு நகர்த்தினால், நாலில் ஒரு பங்கு மின்திறனிலேயே அதே சத்தம் கேட்கும். நடுக்கடலில் பற்றரி விற்கும் கடை இல்லை. வள்ளத்தில் போகிறவர்களுக்கு, ரேடியோவைக் கிட்ட வைத்து இப்படிப் பற்றரியை மிச்சம் பிடிப்பது பெரிய உதவி.

பற்றரி இறங்கிய ரேடியோவைக் கவனித்திருக்கிறீர்களா? சத்தத்தைக் கூட்டினால் குரல் கரகரத்து உடையும். பழைய பற்றரிக்குள் மின்தடை ஏறியிருக்கும். ஸ்பீக்கர் திடீரென அதிக மின்சாரம் இழுக்கும்போதெல்லாம் மின்னழுத்தம் சரிந்துவிடும். குமிழைக் கொஞ்சம் பின்னே திருப்பி ரேடியோவைக் காதருகே வையுங்கள். பெரும்பாலும் வானிலை அறிக்கை கடைசி வரை தெளிவாகக் கேட்கும்.