பதுளை நாய் லண்டன் போவதென்றால்

மகளுக்குத் தாதி வேலை, மகனுக்குப் படிப்பு என்று விசா வந்ததும் பதுளை, பண்டாரவளைப் பக்கத்துக் குடும்பங்கள் விமான டிக்கெட்டைத்தான் முதலில் பார்க்கும். வீட்டு நாயும் கூட வரவேண்டுமென்றால் அதற்குள் காலம் கடந்திருக்கும். இலங்கையிலிருந்து பிரித்தானியாவுக்கு ஒரு நாயை முறைப்படி கொண்டுபோகக் குறைந்தது நான்கு மாதம் வேண்டும். கடிதம், அலுவலகம், ஆய்வுகூடம் என்ற அலைச்சலையும் சேர்த்து ஆறு மாதம் என்று வைத்துக்கொள்வதே புத்தி.

காரணம் விசர்நாய்க்கடி நோய். 1973இல் இந்த நோயால் இலங்கையில் 377 பேர் இறந்தார்கள். இன்று அந்த எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிட்டது, ஆனால் நோய் ஒழியவில்லை. அதனால் பிரித்தானியாவும் ஐரோப்பிய ஒன்றியமும் சலுகை காட்டும் நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை.

பலர் இடறி விழுவது வரிசையில். முதலில் மைக்ரோசிப், பிறகுதான் ஊசி. தோட்டத்துக்கு வந்து போட்டுவிட்டுப் போகும் இலவசத் தடுப்பூசி நாயைக் காக்கும், பயணத்துக்கு உதவாது. சிப் இல்லாத நாய்க்குப் போட்ட ஊசி இந்த நாய்க்குத்தான் போடப்பட்டது என்று யார் சாட்சி சொல்வது? ஆகவே 15 இலக்கச் சிப்பைப் பொருத்திவிட்டு, மிருக வைத்தியரிடம் மறுபடி ஊசி போட வேண்டும். குட்டிக்கு 12 வாரம் நிரம்பியிருக்க வேண்டும்.

ஊசி போட்டு 30 நாள் கழித்து இரத்தம் எடுப்பார்கள். அந்த நாடுகள் ஏற்றுக்கொண்ட ஆய்வுகூடத்தில், ஒரு மில்லிலீட்டருக்கு 0.5 சர்வதேச அலகாவது எதிர்ப்புச் சக்தி இருப்பதாகத் தெரியவேண்டும். முடிவு நல்லதாக வந்தாலும் உடனே புறப்பட முடியாது. இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். இது வெறும் கெடுபிடியல்ல. ஊசி வேலை செய்ததை இரத்தம் சொல்லும். ஊசிக்கு முன்பே ஒரு விசர்நாய் கடித்திருந்தால் அதைச் சொல்லாது. நோய் வெளியே தெரிய மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால்தான் இந்தக் காத்திருப்பு. துரைமார் காலத்தில் இந்த வழியும் கிடையாது. 2011ஆம் ஆண்டு முடியும்வரை இங்கிருந்து பிரித்தானியாவுக்குப் போன நாய் அங்கே இறங்கியதும் ஆறு மாதம் தனிமைக் கூண்டில் கிடக்க வேண்டியிருந்தது.

கனடா இதில் தாராளம். வளர்ந்த சொந்த நாய்க்குத் தடுப்பூசிச் சான்றிதழ் போதும். விற்கவோ தத்துக் கொடுக்கவோ இலங்கை நாய்களைக் கொண்டுபோவதற்குத்தான் 2022 செப்டெம்பரிலிருந்து தடை. அவுஸ்திரேலியா நேரெதிர். இலங்கையிலிருந்து நேரே ஏற்காது; அது அங்கீகரித்த வேறொரு நாட்டில் தங்கவைத்துத்தான் போகவேண்டும். 2015இல் நடிகர் ஜானி டெப் சொல்லாமல் கொண்டுவந்த இரண்டு நாய்களைத் திருப்பி அனுப்பாவிட்டால் கொன்றுவிடுவோம் என்று அங்கே ஒரு அமைச்சரே பகிரங்கமாகச் சொன்னார். நடிகருக்கே அப்படியென்றால் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கடைசி வாரம்தான் ஓட்டம். பிரித்தானியாவுக்கான சுகாதாரச் சான்றிதழ் அங்கே போய்ச் சேருவதற்கு முந்திய 10 நாளுக்குள் அரச மிருக வைத்தியரால் வழங்கப்பட வேண்டும். கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் தலைமையகம் பேராதனை கெட்டம்பேயில் இருக்கிறது. எந்த அலுவலகத்தில் கையெழுத்து என்பதை முன்பே கேட்டுவைப்பது நல்லது. நாடாப்புழு மருந்தை இறங்குவதற்கு 24 முதல் 120 மணி நேரம் முன்னதாகக் கொடுத்து, அதையும் எழுதிவாங்க வேண்டும். நாயும் உரிமையாளரும் ஐந்து நாள் இடைவெளிக்குள் பயணம் செய்யாவிட்டால் அது வியாபாரக் கணக்கில் போய்விடும். விமானத்தில் நாய் சரக்காகத்தான் போகும், மடியில் அல்ல.

லயத்து வாசலில் கட்டாமல் வளர்ந்த நாய்க்குப் பெட்டி என்பதே தெரியாது. எழுந்து நிற்கவும் திரும்பவும் படுக்கவும் இடமுள்ள பெட்டியை மாதங்களுக்கு முன்பே வாங்கி, உள்ளே சோறு வைத்துப் பழக்கலாம். தூக்க மருந்து வேண்டாம். வானில் மூச்சுக்கு ஆபத்து.

கிழட்டு நாயை இந்தப் பாட்டுக்கெல்லாம் இழுப்பது என் கண்ணுக்குச் சரியாகப் படவில்லை. அதற்குத் தெரிந்த சித்தப்பா வீட்டில் விட்டுவிட்டு, ஆண்டுதோறும் விசர்நாய் ஊசி போடக் காசு அனுப்பினால் போதும்.